அமுலுவின் விழாவுக்கு நான் போன கதை

அமுலுவின் விழாவில் கூட்டம் இருக்காது என்பதை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் போனேன். வீட்டில் அப்படிச் சொல்லவில்லை. அம்மாவின் முழங்கால் சரியானால் திருப்பதிக்கு வந்து முடி கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தேன், அதைத் தீர்த்துவிட்டு வருகிறேன் என்றேன். வேண்டிக்கொண்டதும் உண்மை, அம்மா இப்போது படியேறுவதும் உண்மை. ஆனால் இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த வேண்டுதல், அமுலு அனுப்பிய ஒரு காணொளியைப் பார்த்த மறுநாள் திடீரென்று அவசரமாகிவிட்டது.

காணொளியில் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பொட்டல் மைதானம், ஒரு ஒலிபெருக்கி, தரையில் உட்கார்ந்திருக்கும் தலைகள். கைப்பேசியைப் பிடித்திருந்தவர் மெதுவாகத் திருப்பத் திருப்பத் தலைகள் வந்துகொண்டே இருந்தன. அதில் ஒன்றுகூட நரைக்கவில்லை.

நான் இருப்பது மலேசியாவில், கிள்ளானில். துறைமுகத்தில் ஒரு சரக்கு நிறுவனத்தில் வேலை. பதினொரு வருடமாக எங்கள் ஊர் மண்டபத்தில் தமிழ்க் கலைவிழா நடத்துகிறேன். மண்டபத்தில் குளிர்சாதனம் உண்டு, பட்டுத் திரைச்சீலை உண்டு, வண்ண விளக்குகள் உண்டு. இளைஞர்கள்தான் கிடையாது. வருகைக்குப் பள்ளியில் மதிப்பெண் உண்டு என்றால் வருவார்கள், பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார்கள், முதல் நாடகம் முடிவதற்குள் கழிவறைப் பக்கமாக நழுவிவிடுவார்கள். மிஞ்சுவது நடிப்பவர்களின் பெற்றோரும், சாப்பாட்டுக்காகக் காத்திருப்பவர்களும்.

அமுலு அங்கே ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்கு மூன்று வருட ஒப்பந்தத்தில் வந்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதியில் அடைந்து கிடக்கப் பிடிக்காமல் எங்கள் மண்டபத்துக்கு வருவாள். சுறுசுறுப்பான பெண். நாற்காலி போடுவாள், தேநீர் ஊற்றுவாள், எல்லாரும் போன பிறகு நாற்காலிகளை அடுக்கிவிட்டுக் கடைசிப் பேருந்தைப் பிடிப்பாள். மூன்று விழாக்களுக்கு அவள்தான் நாற்காலி போட்டாள். பிறகு ஊருக்குப் போனாள். ஆந்திர எல்லையில் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஏதோ ஒரு கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அடுத்து, விழா நடத்துகிறாள் என்று கேள்விப்பட்டேன். அதற்கப்புறம் அந்தக் காணொளி. கூடவே ஒரு குரல்செய்தி. "இந்த வருசம் நீங்கதான்க்கா சீஃப் கெஸ்ட். கட்டாயம் வரணும்."

நாற்காலி போட்டவளுக்கு அத்தனை தலைகள். எனக்கு வயிறு எரிந்தது.

சென்னையிலிருந்து கிளம்பிய பேருந்து, எல்லை ஊரான ஊத்துக்கோட்டையில் என்னை இறக்கிவிட்டது. அங்கிருந்து சத்தியவேட்டுப் பக்கம் போக ஷேர் ஆட்டோ. கொஞ்ச தூரத்தில் கடைப் பலகைகளில் எழுத்துகள் உருண்டையாகிவிட்டன. என்னால் ஒன்றும் படிக்க முடியவில்லை. ஆட்டோவில் என்னோடு ஏழு பெண்கள், எல்லாரும் நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. பகல் ஷிப்ட் முடிந்து வருகிறார்களாம். ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடித்தார்கள்.

"ஆன்ட்டி எந்த ஊரு?" என்றாள் என் மடியில் பாதி உட்கார்ந்திருந்த பெண். பெயர் பவானி என்று அட்டையில் இருந்தது.

"மலேசியா."

"அமுலக்கா ஃபெஸ்டிவலுக்கு வந்துக்கினு இருக்கீங்களா?"

"இல்லை. திருப்பதிக்கு" என்றேன். அவள் அக்கா, நான் ஆன்ட்டி. அமுலுவுக்கும் எனக்கும் ஒன்பது வயதுதான் வித்தியாசம்.

பாதி வழியில் ஆட்டோ மணலில் புதைந்தது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். தள்ளும்போது என் பெட்டியின் ஒரு சக்கரம் கழன்று எங்கேயோ போய்விட்டது. பெண்கள் அதைத் தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. மறுபடி ஏறியதும் நான்கு பேர் மட்டும் எதிரெதிராக உட்கார்ந்துகொண்டு ஏதோ எண்ணிக்கொண்டே கைகளை வெட்டி வெட்டி அசைத்தார்கள். ஒத்திகை என்று எனக்குப் புரிந்தது. ஆட்டோவில் ஒத்திகை. எங்கள் ஊரில் ஒத்திகைக்கு வரச்சொல்லி நான் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் காரை நிறுத்தி ஒலி எழுப்ப வேண்டும்.

கிராமத்தில் அமுலு ஓடிவந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள். கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள். முன்பெல்லாம் என்னிடம் பேசும்போது தரையைப் பார்ப்பாள், இப்போது நேராகப் பார்த்தாள். அவள் அப்பா வாசலில் வேர்க்கடலையைப் பரப்பிக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர், இப்போது சொந்தமாக ஒன்றரை ஏக்கர்.

"இவ உங்க ஊருக்குப் போயி மிஷின் வேலை கத்துக்கினு வருவான்னு பார்த்தேம்மா. ஆட்டம் கத்துக்கினு வந்துட்டா" என்றார்.

"நைனா, அவங்களுக்கு முதல்ல சோறு போடு" என்றாள் அமுலு.

சோறு இல்லை, களி. நடுவில் குழி பறித்துக் கருவாட்டுக் குழம்பை ஊற்றி, பக்கத்தில் வேர்க்கடலைத் துவையல். "கையில ஒட்டும், முழுங்கிடுங்க, மெல்லாதீங்க. நல்லா துன்னுங்க" என்றார் நைனா. முதல் உருண்டை தொண்டையில் நின்றது. மூன்றாவது உருண்டைக்குள் பழகிவிட்டேன். நான்காவதை நானே கேட்டு வாங்கினேன்.

சாப்பிட்டதும் விழா நடக்கும் இடத்தைப் பார்த்தேன். ரேஷன் கடைக்குப் பின்னால் நெல் காயவைக்கும் களம். மேடை இல்லை, திரை இல்லை, கூரையும் இல்லை. ஒரு வேப்பமரமும் இரண்டு மூங்கில் கழிகளும்தான். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அன்று நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை விடியற்காலையில் திருப்பதிக்குக் கிளம்பினோம். வேண்டுதல் எனக்கு, அமுலுவுக்கு அங்கிருந்து சித்தூர் போகும் வேலை. மலையில் முடி இறக்கும் பெண் என் தலையில் தண்ணீரைத் தெளித்து, "முழுசாவா, மூணு கத்தரியா?" என்று கேட்டாள். நுனி முடி மட்டும், மூன்று கத்தரி என்றுதான் வேண்டியிருந்தேன். ஆனால் நான் எதற்காக வந்தேன் என்பது மலையில் இருப்பவருக்குத் தெரியும் என்று அந்த நேரத்தில் ஒரு பயம் பிடித்தது. "முழுசாவே எடுத்துடுங்க" என்றேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சந்தனம் பூசியதும் தலை ஜில்லென்றது. தரிசனத்துக்கு நான்கு மணி நேரம், சாமியைப் பார்த்தது கண் சிமிட்டும் நேரம். அதற்குள் அம்மாவுக்காக வேண்டிக்கொண்டேன். அமுலுவுக்காக ஒன்றும் வேண்டவில்லை.

கீழே இறங்கியதும், காத்திருந்த அமுலு என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தன் துப்பட்டாவை எடுத்துத் தலையில் கட்டிவிட்டாள். "வெயிலு சுடும்க்கா. என்கூட சித்தூருக்கு வாங்க. அங்க பசங்க ஒரு நாடகம் போட்டுக்கினு இருக்காங்க, பார்த்துட்டு வந்துடலாம்."

வழியில் புத்தலப்பட்டு வந்ததும் பேருந்தின் முன்பக்கம் புகைந்தது. ஓட்டுநர் இறங்கி, எல்லாரையும் நிழலில் நிற்கச் சொன்னார். ஒரு மணி நேரம் ஆகுமாம். டீக்கடையில் உட்கார்ந்தோம். எதிரே பஞ்சர் கடையிலிருந்து ஒரு பையன் கையைத் துடைத்துக்கொண்டே வந்து அமுலுவிடம் தெலுங்கில் படபடவென்று பேசினான். என்ன சொல்கிறான் என்று கேட்டேன்.

"போன வருசம் நம்ம ஊருக்கு வந்து பார்த்தானாம். இப்ப இங்க இவனுங்களே சங்கராந்திக்கு மூணு நாடகம் போட்டாங்களாம். என்னைய கூப்புட மறந்துட்டோம், மன்னிச்சுக்கோன்னு சொல்றான்" என்றாள். அவளுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். அவளைக் கூப்பிடாமல் ஒரு விழா நடந்திருக்கிறது, அதற்குச் சந்தோஷப்படுகிறாள். என்னைக் கூப்பிடாமல் கிள்ளானில் யாராவது விழா நடத்தியிருந்தால் நான் ஆறு மாதம் அவர்களோடு பேசியிருக்கமாட்டேன். டீ பாயசம்போல் இனித்தது. பாதியிலேயே வைத்துவிட்டேன்.

சித்தூரில் ஒத்திகை ஒரு வெல்ல மண்டியில் நடந்தது. சுவரில், தரையில், காற்றில் எங்கும் வெல்ல வாசனை. மூட்டை தூக்கும் பையன்கள், கல்லூரி போகும் பையன்கள், மாம்பழக்கூழ்த் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள். மேஸ்திரி ஒருவன் ஆள் எடுக்கும் காட்சி, தெலுங்கில். அமுலு எதையும் நடித்துக் காட்டவில்லை. நடுநடுவே ஒரே கேள்விதான் கேட்டாள். "இது யாருக்கு நடந்துச்சு?" ஒருவன் கையைத் தூக்குவான். "அப்ப நீயே சொல்லு, எப்படி நின்னே?" அவ்வளவுதான்.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துபோய், குரலை வயிற்றிலிருந்து எடுக்க வேண்டும், பார்வையாளர்களுக்கு முதுகு காட்டக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தேன். அமுலு மொழிபெயர்த்தாள். பையன்கள் மரியாதையாக அப்படியே செய்தார்கள். மேஸ்திரியாக நடித்தவன் பாதியில் நிறுத்திவிட்டு ஏதோ முணுமுணுத்தான்.

"என்ன சொல்றான்?"

அமுலு ஒளிக்கவில்லை. "இப்படிப் பேசுனா எங்க மேஸ்திரி மாதிரி இல்ல, சினிமா மேஸ்திரி மாதிரி இருக்குதுன்றான்க்கா."

திரும்பும் பேருந்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்டே விட்டேன். "இத்தனை பேரை எப்படி வரவைக்கிறே?"

"வாங்கன்னு யாரையும் கூப்புட்றதில்லக்கா. ஆளுக்கு ஒரு வேலை, அதோட ஒரு வேஷம். மைக் கட்றவனும் நடிப்பான், நடிக்கிறவளும் பாய் சுருட்டுவா. சும்மா பார்த்துட்டுப் போறதுக்குன்னா போன்ல இல்லாததா நம்மகிட்ட இருக்குது?"

"இதெல்லாம் எங்கே கத்துக்கிட்டே?"

அமுலு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "உங்ககிட்டதான்க்கா" என்றாள்.

அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை முழுக்க அந்த ஒரு வார்த்தையை வைத்துத் தலைமையுரை எழுதினேன். அமுலு என் விழாவில் உருவானவள், நான் ஊன்றிய விதை, கடல் தாண்டி முளைத்த மரம். மூன்று பக்கம். எழுதிவிட்டு எழுந்தபோது எனக்கும் ஒரு வேலை வந்தது. வருகிறவர்களுக்கு வழிகாட்டும் அட்டைகளில் தமிழில் எழுதச் சொன்னார்கள். தெலுங்கு அட்டைகளை எழுதிக்கொண்டிருந்த பவானி என் மொட்டைத் தலையை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "ஆன்ட்டி, எந்த வேஷத்துக்கு மொட்டை போட்டீங்க?"

ஞாயிற்றுக்கிழமை விழா காலை ஏழரை மணிக்கு. எங்கும் மாலையில்தானே விழா நடத்துவார்கள் என்று கேட்டதற்கு, இரவு ஷிப்ட் முடிந்து வண்டி ஏழு மணிக்கு வருகிறது, பகல் ஷிப்ட்காரர்களுக்கு அன்று விடுமுறை, எல்லாரும் ஒன்றாக இருக்கும் நேரம் அது ஒன்றுதான் என்றாள் அமுலு. ஏழு மணிக்கே களம் நிரம்பிவிட்டது. காணொளி பொய் சொல்லவில்லை. வேப்பமரத்தின் மேலும் ஆட்கள் இருந்தார்கள்.

ஏழே காலுக்கு அமுலுவின் போன் அடித்தது. பவானியும் ஆட்டோவில் ஒத்திகை பார்த்த மற்ற மூன்று பேரும் வரும் கம்பெனி வண்டி பஞ்சராம், பத்துக் கிலோமீட்டர் தள்ளி நிற்கிறதாம், மாற்று வண்டி எப்போது வரும் என்று தெரியாதாம். சனிக்கிழமையிலிருந்து அவர்கள் இரவு ஷிப்டுக்கு மாறியிருந்தார்கள். முதல் நாடகமே அவர்களுடையதுதான்.

அதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ குளிர்ந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். இந்தக் கூட்டம் முனகும், எழும், ஒவ்வொருவராக நழுவும், அமுலு கையைப் பிசைந்துகொண்டு என் பக்கம் திரும்புவாள், நான் ஆறுதல் சொல்வேன் என்று வரிசையாக நினைத்துக்கொண்டேன். ஆறுதல் வார்த்தைகள்கூடத் தயாராக இருந்தன.

அமுலு மைக்கை எடுத்தாள். "பவானிங்க வண்டி பஞ்சரு. யாராச்சும் போயி இட்டுக்கினு வாங்க" என்றாள்.

எத்தனை பைக்குகள் கிளம்பின என்று எண்ண முடியவில்லை, புழுதிதான் தெரிந்தது. மீதிப் பேர் எழுந்திருக்கவில்லை. சித்தூர்ப் பையன்கள் தாங்களாகவே நடுவே வந்து மேஸ்திரி காட்சியைத் தொடங்கிவிட்டார்கள். மேஸ்திரியாக நடித்தவன் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றான். கூட்டம் அந்த முதுகைப் பார்த்தே சிரித்தது. எல்லாருக்கும் தெரிந்த முதுகு போலிருக்கிறது.

அவர்கள் முடிக்கவும் பைக்குகள் திரும்பவும் சரியாக இருந்தது. நான்கு பெண்களும் இறங்கிய வேகத்தில், நீலச் சட்டையோடு, கழுத்து அட்டையோடு, தூங்காத கண்களோடு களத்தில் வரிசையாக நின்றார்கள். வசனம் இல்லை. ஆளுக்கு ஒரே ஓர் அசைவு. ஒருத்தி எடுத்து வைக்கிறாள், ஒருத்தி திருகுகிறாள், ஒருத்தி ஊதித் துடைக்கிறாள், பவானி ஸ்டிக்கர் ஒட்டி ஓரத்தைக் கட்டை விரலால் தேய்க்கிறாள். தொழிற்சாலையில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் செய்வதையே இங்கேயும் செய்தார்கள். கூட்டத்தில் இருந்தவர்களுக்கு அது தெரியும். "வேகம், வேகம்" என்று சூப்பர்வைசர் குரலில் ஒருவன் கத்த, மற்றவர்கள் சிரித்தார்கள். பெண்கள் வேகம் கூட்டினார்கள். அப்புறம் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிறார்கள். பவானி ஒரு குழந்தையை மடியில் கிடத்துகிறாள். தூங்கவைக்க நெற்றியைத் தடவுகிறாள். கை தடவவில்லை. ஒட்டுகிறது, கட்டை விரலால் ஓரத்தைத் தேய்க்கிறது. அவள் கையை இழுத்துக்கொள்கிறாள், மறுபடி தடவப் பார்க்கிறாள், மறுபடியும் அது ஒட்டுகிறது.

சிரிப்பு நின்றுவிட்டது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பதினொரு வருடத்தில் எழுதிய எல்லா நாடகங்களையும் அப்போது ஒருமுறை நினைத்துப் பார்த்தேன். ராஜாக்கள் இருந்தார்கள், புலவர்கள் இருந்தார்கள். துறைமுகத்தில் வேலை செய்பவர் ஒருவர்கூட இல்லை.

முடிந்ததும் அமுலு, "வேற யாருக்கு இப்படி ஒரு கை இருக்குது?" என்று கேட்டாள். ராமகுப்பத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் ஒரு பெண் எழுந்து, பட்டுப்பூச்சித் தட்டில் இலை பரப்பும் தன் அம்மாவின் கையைச் செய்து காட்டினாள். ஒருவன் வெல்லம் பிடித்தான், ஒருவன் கல் அறுத்தான். யாரும் யாரையும் தள்ளிக்கொண்டு வரவில்லை, எழுந்தார்கள், செய்தார்கள், உட்கார்ந்தார்கள். அவர்கள் அத்தனை பேரையும் மூட்டை கட்டிக் கிள்ளானுக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று எனக்கு வெறியே வந்தது.

அப்போதுதான் என்னைப் பேச அழைத்தாள்.

துப்பட்டாவை அவிழ்த்துவிட்டு மொட்டைத் தலையோடு போய் நின்றேன். கைதட்டினார்கள். மூன்று பக்க உரையைப் பிரித்தேன். அந்த நாடகத்தைப் பார்த்த பிறகாவது அதை மடித்து வைத்திருக்கலாம். வைக்கவில்லை. "உங்கள் அமுலு என் விழாவில் உருவானவள்" என்று ஆரம்பித்தேன். விதை, மரம், எல்லாம் சொன்னேன். அமுலு மைக் ஒயரைச் சரிசெய்துகொண்டு பக்கத்திலேயே நின்றாள், எதையும் மறுக்கவில்லை.

முடித்ததும் முன்வரிசையில் இருந்து பவானி கையைத் தூக்கினாள். அந்த ஊர் வழக்கம், யார் பேசினாலும் கேள்வி கேட்பார்கள்.

"ஆன்ட்டி, அங்க அமுலக்காவுக்கு இன்னா வேஷம் குடுத்தீங்க?"

குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டாள். எல்லாரும் ஆவலோடு என்னைப் பார்த்தார்கள். அமுலு ஒயரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. என்ன சொல்லியிருந்தாலும் அவள் ஆமாம் என்றிருப்பாள். ராணி வேஷம் என்று சொல்லியிருந்தால்கூட. அது எனக்குத் தெரிந்ததால்தான் பொய் வாய்வரை வந்தது.

"வேஷம் எதுவும் கொடுக்கல" என்றேன். "நாற்காலி போடச் சொன்னேன். மூணு வருஷமும்."

பவானி அமுலுவைப் பார்த்தாள். அமுலு மைக்கை என் கையிலிருந்து வாங்கினாள்.

"நெசம்தான். மொத வருசம் ஒரு நாடகத்துல வேலைக்காரி வேஷத்துக்கு ஆளு வரல. நான் பின்னால நின்னுக்கினு இருந்தேன். எனக்கு எல்லா வசனமும் தெரியும். கூப்புடுவாங்கன்னு கை கழுவிட்டு வந்து நின்னேன். அந்த வேஷத்தையே எடுத்துட்டாங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. "அதான் இங்க யாரும் பின்னால நிக்கக் கூடாதுன்னு வெச்சிருக்கேன்."

அந்த நாடகம் எனக்கு நினைவிருக்கிறது. வேலைக்காரி வராததால் இரண்டாம் காட்சியையே வெட்டினேன். அவள் அங்கே நின்றது நினைவில்லை.

சீஃப் கெஸ்டுக்குத் தனி இடம் இல்லாததால் பவானியின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். அவள் தள்ளி இடம் விட்டாள். அடுத்த நாடகம் ஆரம்பிப்பதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

திங்கட்கிழமை அமுலு ஊத்துக்கோட்டை வரை வந்து வழியனுப்பினாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அவளே முதலில் பேசினாள்.

"அக்கா, பவானிங்க நாலு பேரும் உங்க விழாவுக்கு வந்து ஆடலாமா? மூணு பேருக்கு பாஸ்போர்ட் இருக்குது. வேலைக்குப் போறதுக்குன்னு எடுத்தது."

பவானியின் கையைப் பார்த்ததும் களத்தில் விழுந்த அமைதி எங்கள் மண்டபத்திலும் விழுந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். அதற்கு முன்போ பின்போ என் ராஜாக்கள் எங்கே போய் நிற்பார்கள் என்றும் நினைத்தேன்.

"பார்க்கலாம்" என்றேன்.

"சரிக்கா" என்றாள். என்னுடைய பார்க்கலாமுக்கு என்ன அர்த்தம் என்பது அவளுக்கு மூன்று வருடப் பழக்கம்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அழைப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியபோது அவர்கள் நிகழ்ச்சியை முதல் நாள் மதியம் இரண்டு மணிக்கு வைத்தேன். சாப்பாட்டு நேரம், ஆள் இருக்காது. அழித்தேன். அடுத்து, இரண்டாம் நாள் பரிசளிப்புக்கு முன்னால் பத்து நிமிடம் ஒதுக்கினேன். அதையும் அழித்தேன். மூன்றாவது முறை, நிறைவு நாள், கடைசி நிகழ்ச்சி என்று எழுதினேன்.

என் கணவர் தோளுக்கு மேலாகப் பார்த்தார். "கடைசி நிகழ்ச்சி எப்பவும் உன் நாடகம்தானே?"

"அவங்க ஆடினதுக்கு அப்புறம் மேடையேற எனக்குத் தைரியம் இல்லை" என்றேன்.

சொன்ன பிறகும் பொறாமை போகவில்லை. போகட்டும் என்று காத்திருந்தால் விழாவே முடிந்துவிடும் என்று தோன்றியது. கடிதத்தை அனுப்பினேன்.